அம்மோனியா லாரி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்கள் முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகச் சாலையோரமாகவே நடக்கிறார்கள். கைக்குழந்தையோடு நடக்கும் தாய்மாரும் உண்டு. பக்கத்தில் சரக்கு லாரிகள் விரைந்து செல்கின்றன. எந்த லாரியில் என்ன இருக்கிறது என்பது நடப்பவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய சரக்கு ஒன்று உண்டு. அதுதான் அம்மோனியா.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வைக்கும் உழவர்களுக்கு யூரியா பழகிய உரம். தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் 1975-ல் அதன் உற்பத்தி தொடங்கியது. யூரியா மூட்டையைத் தோளில் தூக்கலாம், அதில் பயமில்லை. ஆனால் யூரியா செய்ய உதவும் அம்மோனியா அவ்வளவு சாதுவான பொருள் அல்ல.

அம்மோனியா ஒரு வாயு. அழுத்தியோ, பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரிக்குக் குளிர வைத்தோ அதைத் திரவமாக்குகிறார்கள். கப்பல், குழாய், டாங்கர் லாரி மூலம் கொண்டு போகிறார்கள். ஐஸ் ஆலைகளுக்கும் அது தேவை. கசிந்தால் ஒரு லிட்டர் திரவம் பல நூறு லிட்டர் வாயுவாகப் பெருகும். கண் எரியும், மூச்சு முட்டும், அதிகமானால் உயிரே போகும். குளிர்ந்து கசியும்போது வெண்புகை போலத் தரையோடு படர்ந்து வரும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் சென்னை எண்ணூரில் நடந்தது நினைவிருக்கும். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்காவில் டக்கார் நகரில் 1992-ல் நடந்தது இன்னும் கொடுமை. அளவுக்கு மீறி நிரப்பிய அம்மோனியா டாங்கி வெடித்து 129 பேர் மாண்டார்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் லாபம் என்ற எண்ணம் எங்கே கொண்டுவிடும் பாருங்கள்! திரவம் சூடேறினால் விரியும். அதற்கு இடம் விட்டே நிரப்ப வேண்டும்.

சரக்கை ஏற்றி இறக்கும் நேரம்தான் மிகவும் கவனம் வேண்டிய நேரம். லாரியின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ரப்பர் குழாயில் வெடிப்பு உண்டா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். வால்வைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. கையுறை, கண்ணாடி, முகமூடி மட்டுமின்றி, எட்டும் தூரத்தில் ஏராளமான தண்ணீரும் இருக்க வேண்டும். உடலில் பட்டால் முதல் மருந்து தண்ணீர்தான். கண்ணைக் குறைந்தது 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சாலையில் கசிவு கண்டால் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். புகை போகும் திசையில் ஓடாதீர்கள். காற்றுக்குக் குறுக்கே ஒதுங்கி, பிறகு காற்று வரும் திசைக்குப் போங்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இந்த லாரி ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சொல்லுகின்றன. லாரிப் பலகையில் காணும் 1005 என்ற எண் அம்மோனியாவைக் குறிக்கும். எண் மட்டும் போதுமா? 'அம்மோனியா, அருகே வராதீர்' என்று கொட்டை எழுத்தில் தமிழிலும் எழுதட்டும். சாலையோர ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தட்டும். சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கானோர் திருச்செந்தூரில் கூடும் நாட்களில் இந்தச் சாலையில் அம்மோனியா லாரி எதுவும் வராதபடி மாவட்ட அதிகாரிகள் முன்கூட்டியே உத்தரவிட வேண்டும்.