உறையை மாற்றினால் மெத்தை குணமாகுமா?

வீட்டில் ஒரு பொருள் பழுதானால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? மூடி வைக்கிறோம்! சோபாவில் கிழிசல் விழுந்தால் அதன் மேல் ஒரு டர்க்கி டவல். மெத்தையில் கறை பட்டால் பூப்போட்ட புது விரிப்பு. கட்டில் பள்ளம் விழுந்தால் பழைய மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தை. பார்க்கிறவர் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் போதும், பழுது தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

வந்த விருந்தாளி அரைமணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். நீங்கள்? தினமும் ஏழெட்டு மணி நேரம் அந்த மெத்தையில்தானே மூக்கையும் முதுகையும் வைத்துப் படுக்கிறீர்கள்!

'சித்த வைத்தியருக்கும் சோபா ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு. சித்த மருத்துவத்தில் உணவும் மருந்தும் மட்டும் பாடமில்லை, படுக்கையும் பாடம்தான். 'பதார்த்த குண சிந்தாமணி'யைப் புரட்டிப் பாருங்கள். பாய்க்கும் படுக்கைக்கும்கூடத் தனித்தனியே குணம் சொல்லியிருக்கும். எதன் மேல் படுக்கிறோம் என்பதும் ஆரோக்கியத்தைச் சேர்ந்த விஷயம் என்று நம் முன்னோர்கள் நினைத்தார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்ததும் அதைத்தான்.

கடற்கரையின் கதை

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது ஆலந்தலை. இங்கே வீட்டுச் சாமான் சீக்கிரம் கெட்டுப்போகும். இரும்பு ஆணி துருப்பிடிக்கும், கட்டில் பூட்டு இறுகிப்போகும், மெத்தை எப்போது தொட்டாலும் லேசாகப் பிசுபிசுக்கும். காரணம் உப்புக் காற்று. உப்பு ஜாடியை மூடாமல் வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதே கதைதான். மெத்தையிலும் திரைச்சீலையிலும் படிந்த உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது.

ஈரம் நின்றால் விருந்தாளிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பூஞ்சணம். இன்னொருவர் கண்ணுக்கு எளிதில் தெரியாத தூசிப்பூச்சி. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்ந்துவிடும். நம் தோலிலிருந்து உதிரும் பொடிதான் அதற்குச் சாப்பாடு. அது விடும் கழிவு மூச்சோடு உள்ளே போனால், ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இளைப்பு எல்லாம் வரும். ஈரம் ஐயத்தைக் கூட்டும் என்று சித்த மருத்துவம் சொல்கிறது. பெயர்தான் வேறு; காயவைக்க வேண்டும் என்ற முடிவு ஒன்றுதான்.

எப்படிப் பழுது பார்ப்பது என்பதற்கு நல்ல பாடமும் இதே கடற்கரையில் இருக்கிறது. வலை சரிசெய்பவர்களைப் பாருங்கள். கிழிந்த வலையை அப்படியே இழுத்துக் கட்டமாட்டார்கள். முதலில் விரித்துப் போட்டு, எங்கெல்லாம் கிழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிய்ந்து தொங்கும் நூலை, நல்ல கண்ணி வரும் இடம் வரைக்கும் வெட்டி எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான், அதே கனமுள்ள நூலைக் கொண்டு புதுக் கண்ணி போடுவார்கள்.

புண்ணுக்கு வைத்தியம் செய்வதும் இப்படித்தான். சீழை உள்ளே வைத்துக்கொண்டு மேலே கட்டுப் போட்டால் என்ன ஆகும்? மெத்தைக்கும் அதே நியாயம். திற, காரணத்தைப் பார், கெட்டதை எடு, காயவை, பிறகு தை. இந்த வரிசை மாறக்கூடாது.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் ஊருக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் மாடியிலும் மதில் மேலும் மெத்தைகளும் தலையணைகளும் காய்ந்தன. காசு போட்டு வாங்கியதைத் தூக்கி எறிய யாருக்குத்தான் மனசு வரும்?

சில மாதங்கள் கழித்து ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். விடியற்காலையில் இளைப்பு, பகலில் சுமார்.

"மெத்தை எப்போம்மா வாங்கினது?"

"மெத்தை நல்லாத்தான் இருக்கு டாக்டர். உறை போன மாசம்தான் மாத்தினோம்."

"உறை இருக்கட்டும், உள்ளே?"

"உள்ளே... வெள்ளத்துல நனைஞ்சதுதான். நாலு நாள் வெயில்ல போட்டு நல்லா காயவெச்சுட்டோமே!"

மேல்பாகம் காய்ந்திருக்கும். நாலு அங்குல ஸ்பாஞ்சின் நடுப்பாகம் எப்போது காய்ந்தது, யாருக்குத் தெரியும்? நனைந்த பொருளில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். மருந்தை நாம் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நோயின் காரணமோ பையனோடு கட்டிலில் படுத்திருக்கிறது! அந்த மெத்தையை அப்புறப்படுத்தச் சொன்னேன். பையன் எடுத்துக்கொண்டிருந்த இன்ஹேலரை நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் நிறுத்தக்கூடாது.

வெள்ளத்தில் ஊறிய ஸ்பாஞ்ச், பஞ்சு மெத்தை, தலையணை எதையும் காப்பாற்ற முயலாதீர்கள் என்பதே என் கருத்து. வெள்ளம் வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடையும் கலந்தது. மரச்சட்டம், இரும்புக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி இவற்றைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால், அதோடு ஆசிட் எதையும் கலந்துவிடாதீர்கள். மூச்சை அடைக்கும் விஷவாயு கிளம்பும்.

கட்டிலில் தொடங்குங்கள்

முதுகு வலி என்று வருகிறவர்களிடம் நான் எண்ணெய் எழுதுவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி, "கட்டில் எப்படி இருக்கு?" என்பதுதான். நார்க்கட்டில் நம் பனங்காட்டுப் பூமியின் சொத்து. காற்றோட்டம் உள்ளது, கடலோரத்துக்கு ஏற்றது. ஆனால் நார் தளர்ந்து தொட்டில் போல ஆகிவிட்டால் இடுப்பு பள்ளத்தில் இறங்கிவிடும். அதன் மேல் மெத்தை போட்டாலும் பள்ளம் பள்ளம்தான். நாரைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னுவார்கள். காயக் காய இறுகும். நைந்த நாரை எடுத்துவிட்டுப் பின்னச் சொல்லுங்கள். பலகைக் கட்டிலாக இருந்தால், மெத்தையைத் தூக்கிவிட்டுப் பலகை வளைந்திருக்கிறதா, குறுக்குச் சட்டம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கும் ஆணி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்தால் அடுத்த வருடம் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

பழைய கட்டில், தொட்டிலுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும். வளரும் குழந்தையின் மூளைக்குக் கேடு. ஈரத் தாளால் தேய்த்து, தூளை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

மெத்தையும் தலையணையும்

இலவம்பஞ்சின் இழை உள்ளே குழாய் போல வெற்றிடம் உள்ளது. மேலே மெழுகுத் தன்மை உண்டு. அதனால் லேசில் தண்ணீர் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்கு இதைத்தான் அடைத்தார்கள். இவ்வளவு நல்ல பஞ்சும் கட்டிதட்டிப் போனால் பயனில்லை. வருடத்துக்கு ஒருமுறை, நல்ல வெயில் காலத்தில், தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுங்கள். காயவைத்து, உதறி, துவைத்துக் காய்ந்த உறையில் திரும்ப அடையுங்கள். இதைச் செய்பவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் அன்றைக்கு அவரை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் கொசுவத்திகூட வேண்டாம்.

ஸ்பாஞ்ச் மெத்தையை இப்படி வெயிலில் போடாதீர்கள். கடும் வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் துவையுங்கள். தூசிப்பூச்சி சாக சுமார் 60 டிகிரி சூடு வேண்டும்.

சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

உட்கார்ந்தால் சோபா உள்ளே போகிறது என்றதும் புது ஸ்பாஞ்ச் வாங்க ஓடுகிறோம். அவசரப்படாதீர்கள். சோபாவைக் கவிழ்த்து, அடித்துணியை ஒரு பக்கம் பிரித்துப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி ஸ்பாஞ்ச் இல்லை. அதைத் தாங்கும் பட்டை தளர்ந்திருக்கும் அல்லது ஆணி கழன்றிருக்கும். பட்டையை மட்டும் இழுத்துப் புதிதாக அடித்தாலே போதும். ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி எழும்பாமல் நின்றாலோ, பொடியாக உதிர்ந்தாலோ, அதை மாற்றுங்கள். மக்கிய வாடை அடித்தாலும் மாற்ற வேண்டியதுதான். சென்ட் அடித்துச் சமாளிக்காதீர்கள்!

ரெக்சின் கிழிந்தால் மேலே டேப் ஒட்டுவது வழக்கம். ஓரத்தில் அழுக்கும் வியர்வையும் சேர்ந்து நாலே நாளில் உரிந்துவிடும். ஒட்டு உள்ளிருந்து வரவேண்டும். கிழிசலைச் சுற்றிலும் சுத்தம் செய்து காயவிடுங்கள். கிழிசலைவிட ஒரு அங்குலம் பெரிய கெட்டித் துணியை உள்ளே நுழைத்து, ரெக்சினின் அடிப்பக்கத்தோடு ஒட்டி, இரண்டு ஓரங்களையும் சேர்த்து அழுத்தி, மேலே கனம் வைத்துவிடுங்கள். ரப்பர் பசையின் நெடி தலைவலியும் மயக்கமும் தரும். எளிதில் தீயும் பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஆஸ்துமா இருப்பவர் இந்த வேலையைத் தொடவேண்டாம்.

எதைத் தொடக்கூடாது?

எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கேஸ் டியூபில் டேப் சுற்றுவது, குக்கர் சேஃப்டி வால்வு போன இடத்தை எதையாவது வைத்து அடைப்பது இதெல்லாம் பழுதுபார்ப்பது ஆகாது. விபத்துக்குச் சீட்டு வாங்குவது! மாற்றித்தான் ஆகவேண்டும்.

சமையல் பாத்திரத்தின் ஓட்டையைப் பிளம்பர் பசையால் அடைக்காதீர்கள். அது தண்ணீர்க் குழாய்க்கு உரியது. கொதிக்கும் புளிக்குழம்புக்கு இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது நல்ல வழக்கம்தான். ஆனால் பூசவேண்டியது வெள்ளீயம். சித்த மருத்துவத்தில் வெள்வங்கம், கருவங்கம் என்று இரண்டையும் பிரித்தே சொல்வோம். நவாச்சாரம் தூவிப் பளபளவென்று பூசிய பூச்சில் காரீயம் கலந்திருந்தால், அது சாப்பாட்டோடு உடம்பில் சேரும். தெரிந்த, நம்பிக்கையான ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று. வேலை செய்யும்போது ஆணி குத்திவிட்டால் மஞ்சள் பத்து போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ரண ஜன்னிக் கிருமி துருவில் பிறப்பதில்லை. மண்ணிலும் தூசியிலும் இருக்கிறது. ஆழமாகக் குத்திய காயத்தில் அது சுகமாக வளரும். சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி தேவையா என்று கேளுங்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: இதற்கு மூலிகையில் மாற்று கிடையாது.

கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம்

நாமே செய்ய முடியாத வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். மெத்தை தைப்பவர், கட்டில் பின்னுபவர், வயர் நாற்காலிக்கு வயர் பின்னுபவர். 'புதுசே தவணையில் கிடைக்கிறது, இதுக்குப் போய் இவ்வளவு கூலியா?' என்று அவர்களிடம் பேரம் பேசுகிறோம். அவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டால், நமக்கு மிச்சம் இருப்பது இரண்டே வழிதான்: ஒன்று தூக்கி எறிவது, இல்லையென்றால் மூடி வைப்பது. முதலாவது பர்ஸுக்குக் கேடு, இரண்டாவது உடம்புக்குக் கேடு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, டி.வி.யை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு மெத்தையின் உறையைக் கழற்றுங்கள். ஆண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், ஊசியில் நூல் கோர்க்க அவர்களுக்கும் தெரியவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். நன்றாக இருந்தால் சந்தோஷமாகத் தைத்துப் போடுங்கள். இல்லையென்றால், தயவுசெய்து அதே உறையை மறுபடி மாட்டாதீர்கள்.