நாகூர் ரோட்டில் ஒரு ஜெப ஆலயம்

தாசேக் கெலுகோரிலிருந்து பட்டர்வொர்த் போய், பெரி ஏறித் தீவுக்குப் போகாதவர் நம்மில் யார் இருக்கிறார்கள்? தைப்பூசத்துக்குப் போகிறோம், துணிமணி எடுக்கப் போகிறோம். அங்கே பர்மா ரோட்டுப் பக்கம் நாகூர் ரோடு என்று ஒரு தெரு உண்டு. நம் நாகூரின் பெயர்தான். அந்தத் தெருவின் 28ஆம் எண் கட்டடம் ஒரு காலத்தில் யூதர்களின் ஜெப ஆலயம் என்பது உங்களுக்குத் தெரியுமா? மலேசியாவில் அவர்களுக்கென்று இருந்த ஜெப ஆலயம் அது ஒன்றுதான்.

பாக்தாத்தில் தாவூத் பாஷா ஆண்ட காலத்தில் (1817–1831) கொடுமை தாங்காமல் யூதர் பலர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தனர். அங்கிருந்து சிலர் வியாபாரத்துக்காகப் பினாங்குக்குக் கப்பல் ஏறினர். பெருகியபோதும் இருநூறு பேரைத் தாண்டவில்லை. 1929இல்தான் நாகூர் ரோட்டில் ஆலயம் திறந்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் தெருவோடு தெருவாக நிற்கும் கட்டடம். கோபுரம் கிடையாது, சிலையும் கிடையாது. யூதருக்கு அவை வேண்டியதில்லை. வேதம் எழுதிய தோல் சுருளை வைக்க ஒரு பேழை, அதை வாசிக்க ஒரு மேடை, ஜெருசலேமை நோக்கிய முகம், இவை போதும். மற்றதெல்லாம் அந்தந்த ஊரின் கைவண்ணம். கொச்சியில் 1568இல் கட்டிய ஆலயத்தின் தரையில் சீனாவின் கான்டனிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கரிபியன் கடலில் குராசோ என்ற தீவில் 1732இல் கட்டிய ஆலயத்திலோ தரை முழுக்க மணல்! முன்னோர் பாலைவனத்தில் நாற்பது ஆண்டு அலைந்ததன் நினைவு என்பார் சிலர். போர்ச்சுகலில் ஒளிந்து வணங்கிய காலத்தில் காலடி ஓசை கேட்காமலிருக்க மணல் பரப்பிய வழக்கம் என்பார் வேறு சிலர். எனக்கென்னவோ இரண்டாவதுதான் நெஞ்சைத் தொடுகிறது.

ஆனால் கட்டடம் இருந்தால் மட்டும் போதாது. பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் முழு வழிபாடு நடக்கும். பினாங்கில் அந்தப் பத்துதான் குறைந்தது. 1941இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். யுத்தத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று சிதறினார்கள். பத்துப் பேர் சேராமல் 1976இல் ஆலயம் மூடப்பட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு லயம் காலியான பிறகு, பூசை செய்ய ஆளில்லாமல் நின்ற மாரியம்மன் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். 1805இல் ஏற்பட்டது. அது இருக்கும் தெருவை முன்பு ஜாலான் யாஹூடி என்பார்கள், இப்போது ஜாலான் சைனால் ஆபிடின். நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகள். பெரும்பாலானவை முக்கோண மூடி போட்ட கல் பெட்டிகள்போல் இருக்கும். மிகப் பழையது 1835இல் இறந்த ஷோஷான் லெவி என்ற பெண்மணியுடையது. குருமார் வம்சமான கோகன் குலத்தாருக்கு ஒரு மூலையில் தனி இடம். 1941 அக்டோபரில் விபத்தில் இறந்த இந்தியப் பட்டாள லெப்டினென்ட் ஒருவரும் அங்கேதான் இருக்கிறார்.

பினாங்கில் பரம்பரையாக வாழ்ந்த யூதர்களில் மூத்தவர் 2011இல் அங்கு அடக்கமானார். அந்த வளவைக் கூட்டிப் பெருக்கிக் காத்து வந்தது யூதக் குடும்பமல்ல, நம் இந்தியக் குடும்பம் ஒன்று.