வெயில் படாத வீடு

மார்கழி, தை மாதங்களில் கோவைப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்களின் உதடு வெடிக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். உடல் முழுக்கத் தோல் தடித்து மீன் செதில் போல உரியும் ‘இக்தியோசிஸ்’ உள்ளவர்களுக்கு அது போதாது.

முழங்காலுக்குக் கீழே லேசாகச் செதில்விடும் சாதாரண வகை சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. பலர் டாக்டரிடம் போவதே இல்லை. கடுமையானது ‘லாமெல்லார்’, லட்சத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். பளபளக்கும் மெல்லிய உறை போர்த்தியது போலக் குழந்தை பிறக்கும். சில வாரங்களில் உறை உரிந்து, தட்டுத் தட்டான செதில்கள் ஆயுளுக்கும் தங்கிவிடும். இமை வெளிப்பக்கம் மடங்கிக் கண் சரியாக மூடாமல் போவதும் உண்டு. இது தொற்றாது. தொழுநோயும் அல்ல: அதில் தேமல் மரத்துப்போகும், இதில் உணர்ச்சி மரக்காது. குழந்தைக்குத் தனித் தட்டு வைப்பது வீண் கொடுமை.

உண்மையில் செதிலைவிட வெயில்தான் ஆபத்து. செதில் அடைத்துக்கொள்வதால் வியர்வை வெளியேறாது, உடல் கொதிக்கும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட மதியத்தில் பள்ளி மைதானத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சுடுவது காய்ச்சல் அல்ல. பாராசிட்டமால் உதவாது. நிழல், ஈரத் துணி, விசிறி, குடிக்கத் தண்ணீர், இவைதான் மருந்து. மயங்கினால் ஆஸ்பத்திரி. ஆசிரியருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இடுக்கி மலையில் கதை வேறு. ஜனவரியில் மூணாறு எஸ்டேட்கள் சிலவற்றில் பூஜ்யம் வரை குளிர் இறங்கும். தோல் பாளம் பாளமாக வெடித்துக் கிருமி புகும். அங்கே குளித்து ஈரம் காயும் முன் கெட்டியாக வாசலின் தடவலாம். பாலக்காட்டுக் கோடையில் அதே கெட்டிப் பூச்சு சூட்டை அடைத்துவிடும். கிளிசரின் கலந்த லேசான லோஷன் மேல். செதிலை இளக்க யூரியா களிம்பு நல்லது, வெடிப்பில் பட்டால் எரியும். சாலிசிலிக் ஆசிட் களிம்பைக் கைக்குழந்தையின் உடல் முழுக்கப் பூசக் கூடாது. ரத்தத்தில் கலந்து விஷமாகும். அசிட்ரெடின் மாத்திரை செதிலைக் குறைக்கும். ஆனால் கருவைச் சிதைக்கும். நிறுத்தி மூன்று ஆண்டுவரை கர்ப்பம் கூடாது.

மாமன் மகள், அத்தை மகன் கல்யாணங்களில் ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். இருந்தால் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அதுவும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பும் என்று பெரியவர்கள் போடும் கணக்கு தப்புக் கணக்கு.