ஆன்லைன் போக்கர்: ஒருநாள் லாபம், மறுநாள் நஷ்டம்... ஏற்ற இறக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு என்ன?

"நேத்து 800 ரூபாய் எடுத்தேன், இன்னைக்கு 1,000 போச்சு. நாளைக்குப் பிடிச்சிடலாம்." ஆன்லைன் சீட்டாட்டத்தில் பணம் வைத்து ஆடியவர்களின் வழக்கமான பேச்சு இது. இப்படி ஏறி இறங்குவதைப் பார்த்தால், மொத்தத்தில் சரிசமமாகத்தானே முடியும் என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

வருமானத்தின் ஏற்ற இறக்கம் எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்துக்குப் புதிதல்ல. மழையை நம்பிய மானாவாரி விவசாயம், தீப்பெட்டி ஆலைக் கூலி, சனிக்கிழமை ஆட்டுச்சந்தை என எதிலும் இந்த வாரம் போல அடுத்த வாரம் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் செல்போன் வழியாகப் போக்கர் மேசை நுழைந்தால் என்ன ஆகும்? ஆட்டம் எப்படி நடக்கிறது, பணம் எங்கே போகிறது, சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

'கேஷ் கேம்' என்றால் என்ன?

போக்கரில் இரண்டு வகை உண்டு. டோர்னமென்ட் என்றால் நுழைவுக் கட்டணம் கட்டி, கடைசி வரை தாக்குப்பிடிப்பவர்கள் பரிசைப் பிரித்துக்கொள்வார்கள். கேஷ் கேம் அப்படியல்ல. மேசையில் இருக்கும் ஒவ்வொரு காயினும் நேரடியாகப் பணம். எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்திருக்கலாம். கையில் இருப்பது தீர்ந்தால் மறுபடியும் பணம் போட்டு ஆட்டத்தைத் தொடரலாம். ஆபத்து இருப்பது இந்தக் கடைசி வசதியில்தான்.

அதிகம் ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் முறையில் ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு தரப்படும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு திறக்கப்படும். சீட்டு போடுவதற்கு முன்பே இருவர் கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டும். இதற்குப் பெயர் பிளைண்ட். 5/10 ரூபாய் மேசை என்றால் ஒருவர் 5 ரூபாயும் இன்னொருவர் 10 ரூபாயும் கட்டுவார்கள். அந்த மேசையில் பொதுவாக 1,000 ரூபாயுடன் உட்காருவார்கள்.

ஒரு செஷன் எப்படிப் போகும்?

உதாரணத்துக்கு, ஒருவர் இரவு 7 மணிக்கு 1,000 ரூபாயுடன் இந்த மேசையில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

* 7.45 மணி: சின்னச் சின்ன ரவுண்டுகளில் ஜெயித்து 1,180 ரூபாய்.
* 8.15 மணி: கையில் இரண்டு ஏஸ். போக்கரில் இதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது. எதிராளியிடம் இரண்டு ராஜா. எதிராளி தன்னிடம் உள்ள 1,000 ரூபாயையும் வைக்கிறார், இவரும் ஈடு கட்டுகிறார். கடைசிச் சீட்டாக மூன்றாவது ராஜா விழுகிறது. இவர் கையில் மிச்சம் 180.
* 8.20 மணி: மேலும் 820 ரூபாய் போட்டு மறுபடியும் 1,000 ஆக்குகிறார்.
* 9 மணி: ஒரே சின்னத்தில் 4 சீட்டு, ஐந்தாவது வந்தால்தான் ஜெயம். வந்துவிடுகிறது. கையில் 1,900.
* 10 மணி: உச்சம். கையில் 2,600.
* 11 மணி: எழுந்திருக்கும்போது 1,450.

இவர் மொத்தம் போட்டது 1,820 ரூபாய். எடுத்தது 1,450. நஷ்டம் 370. ஆனால் இரவு படுக்கும்போது மனசில் நிற்பது 370 அல்ல. "2,600 இருந்துச்சு. அப்பவே எந்திரிச்சிருக்கணும்" என்பதுதான் நிற்கும். மறுநாள் மறுபடியும் உட்கார வைப்பதும் அந்த நினைப்புதான்.

இதில் 'கெட்ட நேரம்' எவ்வளவு?

இரண்டு ஏஸ் வைத்திருந்தும் இரண்டு ராஜாவிடம் தோற்பது அதிசயம் இல்லை. 100 முறை இப்படி மோதினால் சுமார் 18 முறை ராஜாதான் ஜெயிக்கும். அதேபோல, முதல் 3 பொதுச் சீட்டுகள் திறந்த நிலையில் ஒரே சின்னத்தில் 4 சீட்டு வைத்திருப்பவருக்கு, மீதி 2 சீட்டுகளில் ஐந்தாவது வந்து சேர்வது 100க்கு சுமார் 35 முறைதான்.

ஆக, 8.15 மணிக்கு நேரம் கைவிட்டது, 9 மணிக்கு அதே நேரம் தூக்கிவிட்டது. ஆனால் ஆடுபவர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதி வைப்பதில்லை. ஜெயிச்சா திறமை, தோத்தா நேரம் சரியில்லை. அவரவர் மனசு போடும் கணக்கு இப்படித்தான்.

மேசையில் எப்போதும் ஜெயிப்பவர் யார்?

சீட்டே வாங்காமல் மேசையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அது தளத்தை நடத்தும் நிறுவனம். ஒவ்வொரு ரவுண்டிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து அது ஒரு கமிஷன் எடுக்கும். இதன் பெயர் ரேக். 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

கேட்க சின்னத் தொகைதான். கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ரவுண்டில் சராசரியாக 100 ரூபாய் சேர்ந்தால் ரேக் 5 ரூபாய். மணிக்கு 75 ரவுண்டு ஓடினால் 375 ரூபாய். 4 மணி நேரத்தில் 1,500 ரூபாய். மேசையில் 6 பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் உட்கார்ந்திருந்தால் மொத்தம் 6,000. அதில் கால் பங்கு 4 மணி நேரத்தில் மேசையை விட்டே வெளியே போய்விடுகிறது. 6 பேரும் சரிசமமான திறமைசாலிகளாக இருந்தால், ஆளுக்குச் சராசரி 250 ரூபாய் நஷ்டம்.

இதற்கு மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல், தளத்தில் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல், நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்பட்டது.

அப்படியென்றால் நஷ்டம் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

விஷயத்தின் மையம் இதுதான். மேலே சொன்ன மேசையில் சராசரியைவிடக் கொஞ்சம் நன்றாகவே ஆடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு செஷனுக்குச் சராசரியாக 250 அல்ல, 150 ரூபாய்தான் இழக்கிறார்.

ஆனால் 6 பேர் மேசையில் 300 ரவுண்டு ஆடும்போது, சராசரியிலிருந்து சுமார் 1,600 ரூபாய் மேலேயோ கீழேயோ விலகுவது சாதாரணம். 150 ரூபாய் சராசரி நஷ்டம் இந்த 1,600 ரூபாய் ஆட்டத்துக்குள் மூழ்கிவிடும். இந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது இதுதான்:

* நிச்சயமாக நஷ்டப் பாதையில் இருக்கும் அந்த ஆட்டக்காரர், 100 செஷன் ஆடினால் சுமார் 46 செஷன்களில் லாபத்துடன் எழுந்திருப்பார்.
* 100 செஷன் முடிவில் அவருடைய சராசரி நஷ்டம் 15,000 ரூபாய்.
* அவரைப் போலவே ஆடும் 100 பேரை எடுத்துக்கொண்டால், 100 செஷனுக்குப் பிறகும் சுமார் 17 பேர் லாபத்தில் இருப்பார்கள். தங்களைத் திறமைசாலி என்று நம்பவும் செய்வார்கள்.

வாரத்தில் பாதி நாள் ஜெயிக்கிறவருக்கு "நீ தோத்துக்கிட்டு இருக்க" என்று வீட்டில் சொன்னால் எப்படி நம்புவார்? நன்றாக ஆடுபவருக்கும் இதே கதைதான், தலைகீழாக. உண்மையிலேயே லாபம் எடுக்கும் திறமை இருப்பவரும் 100 நாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்கள் தோற்பார். திறமை இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு செஷன் சொல்லாது, ஒரு மாதமும் சொல்லாது. அது தெரியவரும் வரை தாக்குப்பிடிக்கக் கையில் தனிப் பணம் வேண்டும். பள்ளிக் கட்டணமும் உரக்கடை பாக்கியும் அந்தப் பணமாக முடியாது.

விவசாயமும் சூதாட்டம்தானே?

கரிசல் பக்கம் இப்படிக் கேட்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிறார்கள். மழை தவறினால் விதைச் செலவும் போச்சு, கூடுதலாகப் பெய்தாலும் போச்சு. இதில் இருக்கும் அதிர்ஷ்டம் போக்கரில் இருப்பதற்குக் குறைந்ததா?

ஏற்ற இறக்கம் இரண்டிலும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் பெரியது. நிலம் புதிதாக ஒன்றை விளைவிக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் தோற்றால்தான் தன் காட்டில் விளையும் என்பது கிடையாது. நல்ல மழை பெய்தால் ஊருக்கே லாபம். போக்கர் மேசையில் எதுவும் விளைவதில்லை. ஒருவர் எடுப்பது இன்னொருவர் இழந்தது, அதிலும் ரேக் கழித்த மிச்சம். வானம் கமிஷன் எடுப்பதில்லை.

'டில்ட்': விட்டதைப் பிடிக்கும் வெறி

இரண்டு ஏஸ் வைத்தும் தோற்றவர் அடுத்த சில ரவுண்டுகளில் கோபத்தில் கண்டபடி பந்தயம் கட்டுவார். போக்கரில் இதற்கு 'டில்ட்' என்று பெயர். சின்ன மேசையில் இழந்ததைப் பெரிய மேசையில் பிடிக்கப் போவது இதன் அடுத்த கட்டம். பணத்துடன் ஆடும் எல்லா ஆட்டத்திலும் பெரிய இழப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

இது செல்போன் கொண்டுவந்த புது நோய் இல்லை. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரின் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகம் 1912இல் வெளியானது. அதன் நடுவில் இருப்பதும் ஒரு சூதாட்ட மேசைதான். செல்வம், நாடு, தம்பிகள், தான், கடைசியில் மனைவி என்று தருமன் தோற்கத் தோற்கப் பந்தயம் ஏறிக்கொண்டே போகும். அன்று எழுந்துபோக விடாமல் தடுத்தது சபை. இன்று அந்த வேலையைச் செய்வது 'மேலும் பணம் சேர்க்க' என்ற ஒரு பட்டன்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் இந்த விவகாரம் பல வருடங்களாக நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நடுவே ஏறி இறங்கியது.

* 2020 நவம்பர்: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை விதித்து அவசரச் சட்டம். பின்னர் அது சட்டமானது.
* 2021 ஆகஸ்ட்: அந்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.
* 2022: ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம், அதைத் தொடர்ந்து மசோதா. ஆளுநர் ஆர்.என்.ரவி மசோதாவைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.
* 2023 நவம்பர்: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றை அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது உயர் நீதிமன்றம்.
* 2025 பிப்ரவரி: தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையத்தின் விதிகள் வந்தன. 18 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை, ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதி செய்தது.
* 2025 ஆகஸ்ட்: நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே மத்திய சட்டம் ஒதுக்கி வைத்துவிட்டது. ஜெயிக்கலாம் என்று பணம் கட்டி ஆடும் எந்த ஆன்லைன் ஆட்டமானாலும் அதை நடத்தக்கூடாது. மீறி நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. இதை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

திறமை என்ற வாதம் பொய் இல்லை. லட்சம் ரவுண்டு ஆடினால் நல்ல ஆட்டக்காரர் மேலே வருவார். ஆனால் கரிசல் கிராமத்து வீட்டுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. அந்த லட்சம் ரவுண்டு வரை வீட்டுப் பணம் தாங்குமா என்பதுதான் அங்கே கேள்வி.

தடைக்குப் பிறகும் ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. புதிய சட்டம் வந்ததும் இந்திய நிறுவனங்கள் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் டெலிகிராம், வாட்ஸ்அப் லிங்க் வழியாக ஆட்களைத் தேடுகின்றன. அங்கே ரேக் எவ்வளவு, எதிரில் ஆடுவது மனிதரா கணினி நிரலா, ஜெயித்த பணம் திரும்ப வருமா என்று கேட்க ஆளில்லை. முன்பின் தெரியாத நபரின் யுபிஐ கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், அது மோசடிக் கணக்காகவும் இருக்கலாம்.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

* ஒருநாள் கணக்கைப் பார்க்காதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்து, கடந்த 6 மாதத்தில் தளத்துக்குப் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் மறைத்த உண்மை அந்த ஒற்றை எண்ணில் தெரிந்துவிடும்.
* இழந்ததைப் பிடிக்கக் கடன் செயலி, நகை அடகு, நண்பரிடம் கைமாற்று என்று போனால் அது அவசர எச்சரிக்கை.
* திட்டினால் கணக்கு மறைக்கப்படும். கணவரோ, பிள்ளையோ, தம்பியோ, மொத்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு வீட்டில் இடம் கொடுங்கள்.
* ஆன்லைனில் பணம் மோசடி போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

சூதாட்டத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களும், கடனால் மனம் உடைந்து தவறான முடிவு எடுக்கும் எண்ணம் வருபவர்களும் தமிழ்நாடு அரசின் 104, டெலி மானஸ் 14416, சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050 ஆகிய எண்களில் பேசலாம்.