சுவரில் தொங்கும் படிப்பு

நம் ஊர்க் கடைத்தெருக்களில் உள்ள எந்த மருந்துக் கடைக்குள் நுழைந்தாலும், கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்கக் காணலாம். மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு பெற்ற மருந்தாளுநர் இன்னார் என்று அது பறைசாற்றும். அந்த இன்னார் எங்கே என்று கேட்டால், கணிசமான கடைகளில் பதில் வருவதில்லை. ஒருவர் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாகப் பையைச் சுமந்துகொண்டு மாவட்டம் மாவட்டமாக அலைந்துகொண்டிருப்பார். இன்னொருவர் ரியாதில் இருப்பார். மற்றொருவர் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார். சான்றிதழுக்கு மட்டும் மாதாமாதம் ஒரு தொகை போய்ச் சேரும். 'சான்றிதழை வாடகைக்கு விடுவது' என்று இதற்கு வழக்கில் ஒரு பெயரும் உண்டு. வீட்டை வாடகைக்கு விடுவதுபோல், சைக்கிளை வாடகைக்கு விடுவதுபோல், கற்ற கல்வியையும் வாடகைக்கு விடலாம் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

எல்லாக் கடைகளும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. காலை முதல் இரவு வரை கடையில் நின்று, சீட்டை வாசித்து, நோயாளியிடம் இரண்டு வார்த்தை விளக்கிச் சொல்லும் மருந்தாளுநர்களை நாம் அறிவோம். அவர்களுக்கும் இதனால் இழுக்கு நேர்கிறது என்பதால்தான் இதை வெளிப்படையாக எழுதவேண்டியிருக்கிறது. இந்த வாணிபத்தில் நம் சமுதாயம் வெறும் வேடிக்கை பார்க்கும் கூட்டமன்று. கடை முதலாளிகளில் நம்மவர் உண்டு. சான்றிதழ் தருவோரிலும் நம் பிள்ளைகள் உண்டு.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மருத்துவர் எழுதித்தரும் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரோ, அவருடைய நேரடி மேற்பார்வையில் உள்ளவரோதான் வழங்கவேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி கூறுகிறது. 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு, பதிவு பெறாதவர் மருந்து கலப்பதையும் வழங்குவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒழுங்கு தவறியவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் மாநிலக் கவுன்சிலுக்கு உண்டு. மருந்தாளுநர் இல்லாமல் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் நடப்பது மக்களின் உடல்நலத்துக்கே கேடு என்று 2022 நவம்பரில், பீகார் மாநிலத்து வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பீகார்தானே என்று நாம் மூச்சு விட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தொழில் எதற்காகத் தோன்றியது என்பதையும் மறந்துவிட்டோம். போலி மருந்தும் தரமற்ற மருந்தும் நாடெங்கும் மலிந்த நாளில், 1930இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்பாடு வேண்டும், மருந்தை அறிந்த கல்வியாளரும் வேண்டும் என்பது அக்குழு காட்டிய வழி. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் கல்வியைத் தொடங்கிவைத்தார். டி.பார்ம் படிப்புக்கு 2 ஆண்டுகள், பி.பார்ம் படிப்புக்கு 4 ஆண்டுகள், 2008இல் வந்த பார்ம்.டி படிப்புக்கு 6 ஆண்டுகள் என்று இன்று அது விரிந்து நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் ஒருவனைப் படிக்கவைப்பது சுவருக்கு ஒரு படம் தேடவா?

கடையில் அவன் நின்றால் என்ன நடக்கும் என்று கேட்போருக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். மூட்டுவாத நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் உண்ணத்தக்கது. பிற மாத்திரைகளைப் போலவே இதையும் எண்ணி நாள்தோறும் விழுங்கினால், எலும்பு மஜ்ஜையைத் தாக்கி உயிரையே குடித்துவிடும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கடைப்பையன் பெட்டியின் நிறம் பார்த்து மருந்தை எடுத்து நீட்டுவான், கிழமையைச் சொல்லமாட்டான். அவன்மீது குற்றமில்லை. அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவரோ சட்டத்துக்குள் கண்ணாடியாகத் தொங்குகிறார்.

ரமலானில் நம் வீட்டு முதியோர் செய்வதையும் எண்ணிப் பார்க்கலாம். பகலில் உண்ணவேண்டிய நீரிழிவு மாத்திரையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் தம் மனம்போனபடி மாற்றி வைத்துக்கொள்கின்றனர். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை, உணவின்றி இருக்கையில் இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடக்கூடியவை. "வாப்பா, நோன்பு வைக்கிறீங்களா? டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக் கேட்டீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் கடையில் இருந்தால் போதும். அந்தக் கேள்விக்குத்தான் நான்காண்டுப் படிப்பு. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளையும் காசநோய் மருந்துகளையும் எச்1 என்னும் பட்டியலில் சேர்த்து, மருத்துவர், நோயாளி, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காக்கவேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அப்பதிவேட்டை யார் எழுதுகிறார், யார் பெயரால் எழுதுகிறார் என்பதைக் கடைக்காரர்களே தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

பட்டதாரியை மட்டும் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. அவனை இந்நிலைக்குத் தள்ளியதில் வீட்டுக்கும் பங்குண்டு. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதல் பரிசாகவே நம் வீடுகளில் பார்மசி வாங்கித் தரப்படுகிறது. படித்து முடித்தவனை "டாக்டராகத்தான் இருக்கவேண்டியது" என்று அனுதாபத்தோடு அறிமுகம் செய்கிறோம். மாப்பிள்ளை பேச வருவோரோ, "மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறாரா, வெளிநாடு போகும் எண்ணம் இல்லையா?" என்கின்றனர். கடையில் நிற்பது தாழ்வு. நில்லாமல் காசு வாங்குவது சாமர்த்தியம். இந்தத் தராசை அவன் கையில் கொடுத்தவர்கள் நாம்தான்.

கல்லூரிகளோ பெருகிக்கொண்டே போகின்றன. பட்டதாரிகள் தேவைக்கு மிஞ்சிவிடக்கூடாது என்று 2019 ஜூலையில் இந்திய பார்மசி கவுன்சில் புதிய கல்லூரிகளுக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. நிர்வாகத் தீர்மானத்தால் இப்படித் தடைசெய்ய இயலாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு சட்டப்படி சரிதான். ஆயினும் கவுன்சிலே அஞ்சிய பெருக்கத்தின் விளைவைச் சுமப்பவன் கடனை வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாணவன். ஆள் மலிந்த இடத்தில் சம்பளம் மெலியும். மெலிந்த சம்பளத்துக்கு நாள் முழுதும் நிற்பதைவிட, நில்லாமல் கிடைக்கும் வாடகை இனிக்கத்தான் செய்யும்.

இனி, நம் பெண்மக்கள். பாதுகாப்பான படிப்பு என்று நம்பி அவர்களை அனுப்புகிறோம். அவர்களும் நன்றாகவே படிக்கின்றனர். நிக்காஹ் முடிந்தபின் நடப்பதுதான் நம்மைத் தலைகுனியவைக்கிறது. மருமகள் வேலைக்குப் போவதற்கு மாமியார் வீட்டில் ஆயிரம் தடை. அவளுடைய சான்றிதழ் மட்டும் கொழுந்தனார் கடைக்குப் போவதற்கு எந்தத் தடையுமில்லை! அது வெளியே போகலாம், அந்நியர் பார்வையில் படலாம், வருமானமும் ஈட்டலாம், அவள் கூடாது. அந்த வருமானம் அவள் கைக்கு வருகிறதா என்பது வேறு கதை. ஒரு நாள் தவறான மருந்து தரப்பட்டு உயிர்ச்சேதம் நேர்ந்தால், விசாரணை அதிகாரியின் தாளில் முதலில் எழுதப்படும் பெயர்களில் அவள் பெயர் இருக்கும். கடை வாசற்படியை மிதித்தறியாத பெண்ணைக் குற்றவாளிக் கூண்டுக்கு அருகில் நிறுத்தும் இந்த ஏற்பாட்டை, எந்தப் பாதுகாப்பின் பெயரால் நியாயப்படுத்துவோம்?

வளைகுடா இருக்கிறதே என்பார் சிலர். அங்கே உரிமத் தேர்வு உண்டு. பட்டத்தையும் அனுபவத்தையும் அவற்றை வழங்கிய இடத்திலேயே விசாரித்துச் சரிபார்க்கும் முறையும் உண்டு. சுவரில் தொங்கிய அனுபவம் அங்கே செல்லாது. மேலும், சவூதி அரசு மருந்தாளுநர் பணிகளில் தன் நாட்டவர்க்குரிய பங்கை 2025 ஜூலையில், மருந்துக் கடைகளில் 35 விழுக்காடாகவும் மருத்துவமனைகளில் 65 விழுக்காடாகவும் உயர்த்தியது. அது அவர்கள் உரிமை. கதவு ஒடுங்கிவருகிறது என்பதை இங்குள்ள பெற்றோர் அறிந்திருந்தால் போதும்.

மீலாது மேடைகளில் நாம் பேசுவதென்ன? மாலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அல்-பைத்தார் ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களை விவரித்து நூல் செய்தார் என்கிறோம். அல்-பீரூனி தம் முதுமையில் மருந்தியல் பற்றி 'கிதாபுஸ் ஸைதனா' எழுதினார் என்கிறோம். உண்மைதான். ஆனால் அதே பழைய உலகில், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்னும் அதிகாரிக்கு வழிகாட்டியாக 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய நூலில், மருந்து விற்போரின் புரட்டுகளுக்கென்றே தனி அத்தியாயம் இருப்பதை எந்த மேடையிலும் சொல்வதில்லை. முதலாளிமார் நன்கொடையில் போட்ட மேடையாயிற்றே!

முதலாளிகளின் வாதமும் நமக்குத் தெரியும். பட்டதாரிக்கு முழுச் சம்பளம் கொடுத்தால் கடை கட்டுப்படியாகாது என்பர். கண்ணாடி அலமாரிக்கும் குளிர்சாதனத்துக்கும் கட்டுப்படியாகிறது. குளிர்பெட்டி இல்லாமல் இன்சுலின் விற்கத் துணியாதவர், அறிந்த ஆள் இல்லாமல் அதை விற்கத் துணிகிறார். "இத்தனை ஆண்டு எதுவும் நடக்கவில்லையே" என்பர். 1972இல் சென்னையிலேயே டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்த மருந்தால் 15 குழந்தைகள் மாண்டனர். 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடாவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதே நச்சு அதில் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வுக்கூடமே கண்டறிந்தது. அது தொழிற்சாலையில் நேர்ந்தது, கடையில் அன்று என்பது மெய். ஆனால் தொழிற்சாலையிலும் மூலப்பொருளைச் சோதித்து ஒப்பமிடவேண்டிய இடத்தில் படித்தவன் ஒருவன் இருக்கவேண்டும் என்பதே சட்டம். சோதிக்காமல் ஒப்பமிடும் பழக்கத்துக்கு முதற்பாடம் எங்கே கற்பிக்கப்படுகிறது?

நம் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை தருகின்றன. மதிப்பெண் கேட்கின்றன, வருமானச் சான்று கேட்கின்றன, ஜமாஅத்தின் கடிதம் கேட்கின்றன. பார்மசி படிக்க உதவி பெற்றவன் படித்து முடித்தபின் அவன் சான்றிதழ் எந்தக் கடையில் தொங்குகிறது, அந்தக் கடையில் அவன் நிற்கிறானா என்று மட்டும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பத் தாள் அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும். பார்மசி படித்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும் வீடுகளில், பெண்ணைப் பெற்றவர் மஹர் தொகை குறிக்கும் அந்த அமர்விலேயே இன்னொன்றையும் கேட்டு வைக்கட்டும்: "எங்கள் மகள் வேலைக்குப் போவாளா? போகாவிட்டால், அவள் சான்றிதழ் எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்."