ஹேண்டில் உயரட்டும், கேபிளும் நீளட்டும்

பைக் ஹேண்டிலை உயர்த்தினா ரௌடியாம். விசர்க் கதை! 1969இல் ‘ஈஸி ரைடர்’ படம் உலகம் முழுக்கப் பரப்பின ஆசை அது. அலவத்துகொடப் பொடியன் தன்ட அவெஞ்சர்ல செய்தா மட்டும் குற்றமா?

என்ட கோபம் அரைகுறை வேலை மேல. ஹேண்டில் 8 அங்குலம் உயருது. கிளட்ச், அக்சிலேட்டர் கேபிள்களும் பிரேக் ஹோஸும் பழைய நீளமே. ‘இழுத்துவிட்டா எட்டும் மச்சான்’ எண்டு முடிச்சிடுறாங்க. ஏ9 வீதியில இருந்து மேட்டு ஒழுங்கைக்குள்ள ஒடிச்சுத் திரும்பும்போது, இறுகின கேபிள் தானா அக்சிலேட்டரைத் திறக்கும். இழுபட்ட ஹோஸ் வெடிச்சா முன் பிரேக்கே இல்ல. (2025 ஜனவரியில பஸ், த்ரீவீல் சோடனைகளைக் கழற்றப் புறப்பட்ட பொலிஸுக்கும் கண்ணுக்குத் தெரியிறதுதான் பிரச்சினை.)

நீளக் கேபிளும் ஹோஸும் போடாத வேலையை ஏற்காதீங்க. வண்டியை எடுக்க முந்தி, நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிங்க. எஞ்சின் சத்தம் கூடினா காசு குடுக்காதீங்க.