ஆடி மாதத்தில் வரும் பிள்ளைகள்

யட்டியாந்தோட்டை டவுனிலும் பனாவத்தை, களனித் தோட்டம் என்று சுற்றியுள்ள லயங்களிலும் இருக்கிற சொந்தங்களுக்கு, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலிருந்து உங்கள் லயத்துப் பெண் ஒருத்தி எழுதும் திறந்த மடல்.

"பொங்கலுக்கும் வரல்ல, தேர்த் திருவிழாவுக்கும் வரல்ல. மழை ஊத்துற ஆடி மாசத்துலதான் அவுகளுக்கு வழி தெரியுமா?" போன வருஷம் லயத்து வாசலில் அம்மாயி ஒருவர் கேட்ட கேள்வி இது. பேரப்பிள்ளைகள் காதில் விழாதபடிதான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து இங்கே ஒரு வீட்டில் தங்கிவிட்டது. அவருக்கு ஒரு பதில் கடனாக நிற்கிறது.

நெதர்லாந்தில் ஐந்து வயதான பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும்; சட்டம் அப்படி. விடுமுறை இல்லாத நாளில் அனுமதி வாங்காமல் பிள்ளையை விமானத்தில் ஏற்றினால் பெற்றோர் தண்டப்பணம் கட்ட நேரும். மார்கழி விடுமுறை இரண்டு வாரம்தான். தை பிறக்கும்போது பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். நீண்ட விடுமுறை என்று இருப்பது கோடையில் ஆறு வாரம். நாட்டை வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்றாகப் பிரித்துத் தொடக்க நாளை முன்பின்னாக வைக்கிறார்கள். எப்படி வைத்தாலும் அது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைச் சுற்றியே அமையும். அதாவது தென்மேற்குப் பருவமழை நம் மலையில் இறங்கி நிற்கும் காலம். ரப்பர் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை, அன்றைய சம்பளம் இல்லை. கையில் காசு குறைந்திருக்கிற மாதத்தில்தான் விருந்தாளிகள் வந்து நிற்கிறார்கள் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வருகிறார்கள், வேறு மாதம் இல்லாததால்.

அந்த ஆறு வாரத்தையும் ஊரில் முழுதாகக் கழிக்க முடிகிறதா என்றால், அங்கேதான் வீசா குறுக்கே வருகிறது. நெதர்லாந்துக் கடவுச்சீட்டு உள்ள ஒருவர் இலங்கைக்கு வர, புறப்படும் முன்பே இணையத்தில் மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். 2012இல் தொடங்கிய இந்த முறையை எல்லோரும் 'ஈ.டி.ஏ.' என்றே சொல்கிறார்கள். வந்திறங்கும் நாளிலிருந்து கடவுச்சீட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். திரும்பிப் போகும் டிக்கெட் இருக்க வேண்டும். தங்கும் நாளுக்குக் கையில் பணம் இருப்பதைக் கேட்டால் காட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் விண்ணப்பம் அவர்களுக்கும் தனியாகப் போட்டாக வேண்டும். இத்தனைக்கும் கிடைப்பது 30 நாள். விடுமுறையோ 42 நாள். அந்தப் பன்னிரண்டு நாளுக்காகத்தான் பிள்ளைகள் வந்த மூன்றாவது வாரம் தகப்பன்மார் கைப்பேசியோடு மல்லுக்கட்டுவதையும், சிலர் அவிசாவளை, ஹங்வெல்லை, கடுவலை என்று பஸ் மாறிப் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு ஓடுவதையும் நீங்கள் பார்க்கிறீர்கள். நீடிப்பு கிடைக்கும். ஆனால் 30 நாள் முடிவதற்குள் கேட்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அது சட்ட மீறல்.

தாய் மட்டும் பிள்ளைகளோடு வருகிற வீடுகளில் இன்னொரு தாளும் தேவைப்படுகிறது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் எல்லைக் காவலர்கள், தகப்பன் சம்மதித்துக் கையெழுத்திட்ட படிவம் எங்கே என்று கேட்கலாம். பிள்ளை கடத்தலைத் தடுக்க வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஊரிலிருந்து "தாலி கட்டுனவ புள்ளையக் கூட்டிட்டு வாறதுக்கு என்னா கடுதாசி?" என்று கேட்பது நியாயம். அந்தக் கடுதாசி இல்லாமல் ஸ்கிபோலில் கேள்விமேல் கேள்வி கேட்கப்பட்டு அழுதவர்களும் இருக்கிறார்கள்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு வருஷமாக இதில் ஊருக்குள் குழப்பம். 2024 ஏப்ரல் 17இல் இலங்கை அரசு பழைய ஈ.டி.ஏ.யை நிறுத்தி, தனியார் நிறுவனக் கூட்டு ஒன்றிடம் வீசா வேலையைக் கொடுத்தது. 50 டொலரில் முடிந்த காரியம், சேவைக் கட்டணங்களும் சேர்ந்து 100 டொலரைத் தாண்டியது. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்கவில் வரிசையில் நின்ற ஒருவர் உரத்துக் கேட்ட கேள்விகள் காணொளியாக நாடெங்கும் பரவின. அப்போது நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்த ம. ஆ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 2இல் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தியது. உத்தரவு நடைமுறைப்படுத்தப்படாததால் செப்டம்பர் 25இல் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகமே விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகே பழைய முறை திரும்பியது. ஒரு நாட்டின் வாசற்கதவை யார் திறப்பது, எவ்வளவு வாங்குவது என்பது மக்களுக்குத் தெரியாமல் முடிவாகக் கூடாது என்பதை அந்த வழக்கு காட்டியது. அது நல்ல காரியம்.

2025 ஜூலையில் வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத், 40 நாட்டவருக்கு வீசாக் கட்டணம் நீக்கப்படும் என்று அறிவித்தபோது பட்டியலில் நெதர்லாந்தும் இருந்தது. அன்றிரவே "இனி ஒங்களுக்கு வீசா தேவையில்லையாமே" என்று தொலைபேசிகள் வந்தன. கட்டணம் இல்லை என்பது வேறு, வீசா இல்லை என்பது வேறு. கட்டணம் நீங்கினாலும் அனுமதி எடுத்தே வர வேண்டும். இணையத்தில் அதை எடுக்க வேண்டிய இடம் அரசின் தளமான 'ஈடிஏ டாட் கவ் டாட் எல்கே' ஒன்றுதான். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் போலித் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு காசு பிடுங்குகின்றன. டவுனில் யாராவது "நான் எடுத்துத் தாறேன்" என்றால் அவரிடம் கடவுச்சீட்டின் படத்தைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் நடைமுறை. மனசுக்குக் கஷ்டமான சங்கதி வேறொன்று. பயண அனுமதிப் படிவத்தில் 'சுற்றுலா' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தான் பிறந்த லயத்துக்கு, தாயின் திவசத்துக்கு வருகிறவள் அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டியிருக்கிறது. கித்துல்கலவில் ஆற்றில் படகு விடப் போகும் வெள்ளைக்காரரும் அவளும் கட்டுநாயக்கவில் ஒரே வரிசை.

கடுதாசி இல்லாமல் நகர முடியாத நிலை நம் ஆட்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் தொற்றுத் தடுப்புக்காக அடைபட்டு, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவே 'துண்டு' கேட்ட காலம் இருந்தது. ஆளின் கடன் எழுதிய அந்தச் சீட்டு 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, பிறந்த மண்ணிலேயே நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதினார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் பால்வெட்டுத் தெரிந்தவர்கள் கன்னியாகுமரி அரசு ரப்பர்த் தோட்டங்களுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்துக்கும் குடியேற்றப்பட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் இன்று யட்டியாந்தோட்டைக்கு வந்து தாத்தாவின் சமாதியைப் பார்க்க வேண்டுமென்றாலும் இதே ஈ.டி.ஏ.தான். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் வந்தது. ஐம்பத்தைந்து வருஷம்!

ஆகவே யாராவது ஒருவர் "ஒலாந்துப் பாஸ்போர்ட் வாங்கி ஊர வுட்டுட்டா" என்று சொல்லும்போது அது எவ்வளவு கனமான சொல் என்பதை யோசித்துப் பாருங்கள். நெதர்லாந்தில் குடியுரிமை கேட்பவர் பொதுவாகப் பழைய குடியுரிமையைக் கைவிட வேண்டும். சில விதிவிலக்குகளே உண்டு. இலங்கைச் சட்டத்திலும் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த கணம் இலங்கையர் என்ற நிலை போய்விடும். இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நாடற்றவரின் மகள் தன் கையாலேயே ஒரு நாட்டை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவது லேசான காரியம் அல்ல. இதை எழுதுகிறவள் அந்த மேசை முன்னால் உட்கார்ந்தவள்.

ஒலாந்துக் கடவுச்சீட்டோடு வருகிற இன்னொரு கூட்டத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 11,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் நெதர்லாந்துக்கு வந்தார்கள். பலரின் பத்திரங்கள் பொய் என்பதையும், தாயென்று கையெழுத்திட்டவர் தாயே இல்லை என்பதையும் 2017இல் 'செம்ப்ளா' என்ற நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளியில் கொண்டுவந்தது. 2021 பெப்ரவரியில் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்ததும் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. அன்று குழந்தையாகப் போனவர்கள் இன்று பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். தமிழோ சிங்களமோ தெரியாது. சுற்றுலா அனுமதியில் 30 நாள் வந்து, கையில் ஒரு பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி, பதிவாளர், லயம் என்று அலைகிறார்கள். அப்படி ஒருவர் நம் தோட்டத்துக்கு வந்து பெயர் கேட்டால் விரட்டாதீர்கள், வேடிக்கையும் பார்க்காதீர்கள். வயதானவர்களிடம் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். தாய் யாரென்று தெரிந்தாலும் முற்றத்தில் வைத்துச் சொல்லாமல், முதலில் அந்தத் தாயிடம் போய்க் கேளுங்கள்.

இனி எதிர்த் திசை. அங்கிருந்து இங்கே வருவது.

பேத்தியின் சடங்குக்கு அம்மாயியைக் கூப்பிட வேண்டும் என்றால் செங்கன் வீசா தேவை. 2024 ஜூன் 11 முதல் அதன் கட்டணம் 90 யூரோ. அந்த வருஷம் செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் இருபது நாள் பேருக்கு மேல். வீசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவை ஈடுசெய்யும் மருத்துவக் காப்புறுதி வேண்டும். கூப்பிடுகிறவர் இங்குள்ள நகராட்சியில் தன் கையெழுத்தை உறுதிப்படுத்திய பொறுப்பேற்புப் படிவம் அனுப்ப வேண்டும். இவையெல்லாம் இங்கிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளக் கூடியவை. அம்மாயி திரும்பிப் போவார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்பதுதான் பெரிய கேள்வி. வேறு ஊர்க்காரர் காணி உறுதியைக் காட்டுவார். மூன்று தலைமுறை குடியிருந்த லயத்துக்கு உறுதி கிடையாது. இரண்டு அறைக்கு உரித்துப் பத்திரம் இல்லாததால் ஒரு கிழவி பேத்தியைப் பார்க்க முடியாமல் போவது அநியாயம். காணி உரிமைக்காக நீங்கள் கேட்டுவரும் கேள்விக்குள் இந்த வீசாவும் இருக்கிறது.

அதுவரை கையில் இருப்பதை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும்: சேமலாப நிதிக் கணக்கு, வங்கிப் புத்தகம், கூடவே குடியிருக்கும் மற்றப் பிள்ளைகளின் விவரம், கிராம சேவகரின் கடிதம். மறுப்பு வந்தால் நான்கு வாரத்துக்குள் ஆட்சேபம் போடலாம். கடிதம் கிடைத்த அன்றே படமெடுத்து அனுப்புங்கள். மனசு வெறுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது பிறப்புப் பத்திரம். உறவை நிரூபிக்க வேறு வழியில்லை. நம் பக்கத்துப் பெரியவர்களின் பெயர், பதிவில் 'மாரியாய்', அடையாள அட்டையில் 'மாரியம்மா', சேமலாப நிதியில் 'மாரியி' என்று மூன்று விதமாக இருக்கும். சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், படிக்கத் தெரியாதவர் பெருவிரலை வைத்தார். லயத்தில் அதனால் ஒரு குறையும் வராது. தூதரகத்தில் அது மூன்று வேறு ஆட்கள். இங்கே பிறக்கிற பிள்ளையை வம்சாவளியால் இலங்கைப் பிரஜையாகப் பதிவுசெய்ய நினைக்கும், இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டே வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வருஷத் தவணைதான். அவர்களுக்கும் ஊரிலிருந்து வரவேண்டியது இந்தப் பத்திரத்தின் பிரதிதான்.

இந்த மடலின் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு லயத்திலும் படித்த பிள்ளை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பெரியவர்களின் தகரப் பெட்டிகளைத் திறந்து பத்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எழுத்து மாறியிருந்தால், பத்திரமே இல்லையென்றால், யட்டியாந்தோட்டைப் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பகுதிக்குப் போங்கள். போக்குவரத்துச் செலவை இங்கிருப்பவர்கள் அனுப்புவார்கள். செங்கன் வீசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆடியில் அம்மாயி இங்கே வர வேண்டுமென்றால் பத்திரங்கள் தை மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் லயத்துப் பெண்,
உட்ரெக்ட்